யாருக்காக எடுக்கப்பட்ட படம்?

இதழில் வரும் விளம்பரத்தைப் பெரும்பாலோர் கண்ட மறுநொடியே பக்கத்தைப் புரட்டிவிடுவர். பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் அவ்வாறு புரட்டிவிடவில்லை. 1964ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று, பான்சானி என்னும் உணவு நிறுவனத்தின் விளம்பரப்படம் ஒன்றையே பெரிதும் ஆராய்ந்தது. பாதி திறந்த வலைப்பை ஒன்றிலிருந்து பாஸ்தா பொட்டலங்களும் தக்காளியும் வெங்காயமும் குடைமிளகாயும் ஒரு காளானும் சரிந்து கிடக்கின்றன; படத்தில் உள்ளவை பெரும்பாலும் இவையே. ஆயினும் அதனைக் காணும் பிரெஞ்சுக்காரர் மனத்தில் 'இத்தாலி' என்னும் எண்ணம் எழுகின்றது. பெயரின் ஒலியும் காய்களின் நிறங்களும் சேர்ந்து அவ்வெண்ணத்தை எழுப்புகின்றன என்று பார்த் விளக்கினார். அவர் கூறியவற்றுள் மிகக் கூரியது பிறிதொன்று. அப்படத்தில் உள்ள இத்தாலி, பிரெஞ்சுக்காரர் எண்ணிக்கொண்ட இத்தாலியே. இத்தாலியர் ஒருவர்க்கு அது அவ்வளவாகப் புலப்படாது. தம் வீட்டுத் தக்காளியைத் தம் நாட்டின் அடையாளமாக எவர்தாம் காண்பர்?

ஊடகவியல் என்னும் பெயரில் கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது பரந்த துறை. எனினும் அதன் வேரில் இருப்பது சிறிய வினா: இந்தப் படம் யாரைப் பார்வையாளராக எண்ணி எடுக்கப்பட்டது? இவ்வினாவைக் கேட்கக் கல்லூரி வரை காத்திருக்க வேண்டுவதில்லை. தில்லியிலும் மும்பையிலும் போபாலிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இதற்கு விடைகூற மற்றவரினும் தகுதி பெற்றவர்கள். படம் எடுத்தவர் எதிர்பாராத இருக்கையில் அவர்கள் அமர்ந்திருப்பதே அதற்குக் காரணம்.

1968ஆம் ஆண்டு வெளிவந்த 'படோசன்' என்னும் இந்தித் திரைப்படத்தைக் கருதுக. அதில் மெஹ்மூத் ஏற்ற வேடம், பிள்ளை என்னும் தென்னிந்திய இசையாசிரியர். குடுமி, நெற்றிக்குறி, இழுத்து இழுத்துப் பேசும் இந்தி ஆகிய இவையே அவரது அடையாளங்கள். முறையாக இசை பயின்ற அவர், இசை அறியாத கதைத்தலைவனிடம் பாட்டுப் போட்டியில் தோற்கிறார். தலைவனோ நண்பன் மறைந்திருந்து பாட, வாயை மட்டும் அசைக்கிறான். படம் நகைச்சுவையில் சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு, பிள்ளையைப் போன்றவர் எவரும் அரங்கில் அமர்ந்திருக்கவில்லை என்னும் துணிவில் எழுந்தது. மறுநாள் பள்ளியில் அவ்வசனத்தைத் தன்னை நோக்கி எவரேனும் பேசிக் காட்டும்போதுதான், அரங்கில் தானும் இருந்ததை ஒரு தமிழ்ப் பிள்ளை உணர்கிறது.

2013ஆம் ஆண்டில் வந்த 'சென்னை எக்ஸ்பிரஸ்' படத்தில் நிலைமை சற்று விந்தையானது. அதில் பல இடங்களில் தமிழ் உரையாடல் விளக்கமின்றியே வருகின்றது. கதைத்தலைவனுக்குப் புரியாதது பார்வையாளர்க்கும் புரியாது என்பதே அதன் கணக்கு. ஓசையாகக் கேட்கட்டும் என்று விடப்பட்டதைத் தமிழறிந்த பிள்ளை சொற்களாகக் கேட்கிறது. தலைவனுக்கு முன்பே செய்தியை அறிந்துவிடுகிறது. எல்லாப் படங்களும் இவ்வாறே என்பதும் பொருந்தாது. கே. பாலசந்தர் 1981ஆம் ஆண்டில் இயக்கிய 'ஏக் தூஜே கே லியே' இந்திப் படத்தில், கமல்ஹாசன் ஏற்ற தமிழ் இளைஞன் நகைப்பிற்குரியவன் அல்லன், காதலன். அவனுக்கு இந்தி தெரியாமை அங்கும் சிரிப்பை வரவழைக்கிறது. ஆனால் அவனோடு சேர்ந்து சிரிக்கின்றனர். அவனைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

ஜமைக்காவில் பிறந்து 1951ஆம் ஆண்டில் இங்கிலாந்திற்குப் படிக்கச் சென்று அங்கேயே தங்கிவிட்ட ஸ்டூவர்ட் ஹால் என்னும் அறிஞர், 1973ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் தொலைக்காட்சி காண்போரை மூவகையாகப் பிரித்தார். சொன்னதைச் சொன்னவாறே ஏற்பவர் ஒரு வகையினர். பொதுவாக ஏற்று, தம் வாழ்வோடு பொருந்தாத இடத்தில் மட்டும் விலகுவோர் மற்றொரு வகையினர். செய்தி புரிந்தும் அதனை எதிர்நின்று படிப்போர் மூன்றாம் வகையினர். புலம்பெயர்ந்த ஒருவர் இதனைக் கண்டுசொன்னதில் வியப்பில்லை. ஒரே வீட்டில் 'படோசன்' ஓடும்போது தந்தை வாய்விட்டுச் சிரிப்பதையும், தாய் பாட்டிற்குத் தலையசைத்துப் பிள்ளையின் பேச்சிற்கு முகம் சுளிப்பதையும், மகள் எழுந்து சென்றுவிடுவதையும் காணலாம்.

இதுவரை கூறியது பிறர் செய்த கேலி. தமிழ்த் திரைப்படங்களில் 'சேட்டு' எவ்வாறு வருகிறார்? பெரும்பாலும் அடகுக்கடை, தொப்பை, 'நம்பள்கி நிம்பள்கி' என்னும் பேச்சு. சென்னைச் சௌகார்பேட்டையில் தலைமுறைகளாக வாழ்ந்து நல்ல தமிழ் பேசுவோர் எத்தனையோ பேர். திரையில் அவர்கள் அரிதாகவே தென்படுகின்றனர். பிள்ளையைக் கண்டு வருந்தியவர் சேட்டைக் கண்டு சிரிப்பதை எவ்வாறு நியாயப்படுத்துவது? கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர் ஒரு சொல்லில் தடுமாறியதும் உறவினர் 'சேட்டுத் தமிழ்' என்று சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பையும் திரையே கற்றுத் தந்தது என்பதை அவர் அறிந்திருத்தல் நலம். அறியாதவர் வெட்கத்தால் தமிழ் பேசுவதையே விட்டுவிடுகின்றார். இழப்பு அங்கேதான் நேர்கின்றது.

மொழி வகுப்பில் திரைப்படத்திற்கும் விளம்பரத்திற்கும் இடமளித்தால் இலக்கணம் கெடும் என்பாரும் உளர். வாரத்தில் சில பாடவேளைகளே கிடைக்கும் விருப்பமொழி வகுப்பில் அக்கவலை இயல்பானதே. ஆயினும் ஒரே விளம்பரத்தின் இந்தி வடிவையும் தமிழ் வடிவையும் அடுத்தடுத்துக் கேட்பது சிறந்த மொழிப்பயிற்சியாகும். உதடுகள் இந்தியில் அசைய, குரல் தமிழில் ஒலிக்கும். 'சாப்பிட வா' என்று தாய் அழைக்கும் தட்டில் ரொட்டி இருக்கும். முகப்பூச்சு விளம்பரங்களில் 'கோராபன்' என்ற இந்திச் சொல் 'சிவப்பழகு' என்று தமிழாகின்றது. வெளுத்த நிறத்தைச் சிவப்பு என்று தமிழர் வழங்குவது ஏன் என்று ஒரு மாணவர் கேட்டால், வகுப்பு குறுந்தொகை வரை செல்லக்கூடும். அங்கே தலைவியின் அழகு மாந்தளிர் போன்ற மாமை நிறம். பிரிவால் பசலை படர்ந்து அது வெளிறுவதே அவளது துன்பம். 1975 முதல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என விற்கப்பட்ட முகப்பூச்சு 2020ஆம் ஆண்டில் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாறிய பின் வந்த விளம்பரங்களில் முகங்களின் நிறமும் மாறியுள்ளதா என்பதை மாணவர்கள் தாமே உற்றுநோக்கிக் குறித்துவரலாம்.