அலுமினியமா, ஃபைபரா? கரையைக் கேட்டுப் படகு வாங்குவோம்

புத்தளம் மாவட்டத்துக் கடற்றொழிலாளர் குடும்பம் ஒன்றுக்குப் படகு வாங்குவது வீடு கட்டுவதற்கு ஒப்பான முடிவு. வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போகும். வங்கியிடமோ சம்மாட்டியிடமோ கடன் ஏறும். அக்கடன் தீரும்வரை பிடிக்கும் மீனில் ஒரு பங்கு வட்டிக்கே போய்ச் சேரும். இத்தனை பாரத்தைத் தலையில் ஏற்றுக்கொள்ளும் மனிதரிடம், "உமது கரைக்கு எந்தப் படகு ஏற்றது?" என்று கேட்பார் எவருமில்லை. இருப்பதை வாங்கிக்கொள்வதே பல தசாப்தங்களாக இங்கு நிலவும் நடைமுறை.

வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகு என்றால் நம் நாட்டில் அது ஃபைபர் படகுதான். கடற்றொழில் திணைக்களம் இவ்வகைப் படகுக்கு இட்ட குறியீடே 'ஓ.எஃப்.ஆர்.பி.' என்பதாகும். வெளியிணைப்பு இயந்திரம் கொண்ட கண்ணாடியிழைப் படகு என்பதன் சுருக்கம் அது. படகு எப்பொருளால் ஆனது என்பது அதன் பெயருக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிட்டது. வேறு பொருளால் ஆன படகைப் பற்றிய சிந்தனைக்கு அந்தப் பெயரில் இடமே இல்லை.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1960களின் பிற்பகுதியில் நோர்வேயின் உதவியுடன் காரைநகரில் தோன்றிய சீநோர் போன்ற முயற்சிகளினால் கண்ணாடியிழை நம் கரைகளுக்கு அறிமுகமாயிற்று. மரம் அரிதாகி, நல்ல வள்ளம் கட்டும் தச்சர்களும் குறைந்துவந்த காலத்தில் அது பெரும் வரமாக அமைந்தது. உளுக்காத, கறையான் அரிக்காத, அச்சில் வார்த்தெடுக்கக்கூடிய படகை மீனவர்கள் விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. ஃபைபரைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அரை நூற்றாண்டுக்கு முன் சரியாக இருந்த விடையை மறுபடியும் உரசிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே எனது வாதம்.

காரணம் மண்ணெண்ணெய். 2012 பெப்ரவரியில் அரசாங்கம் எரிபொருள் விலையை உயர்த்தியபோது மண்ணெண்ணெயின் விலை ஏறத்தாழ அரைப்பங்கு கூடிற்று. அதை எதிர்த்துச் சிலாபத்தில் வீதிக்கு இறங்கிய மீனவர்களில் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். பத்தாண்டுகள் கழித்து, 2022 ஓகஸ்டில், 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் சிறு இயந்திரங்களை நம்பியிருந்த கரையோரக் குடும்பங்களுக்கு அது தொழிலையே நிறுத்தும் அடியாக விழுந்தது. எரிபொருள் மலிந்திருந்த காலத்தில் படகின் பாரத்தை எவரும் பெரிதாக எண்ணவில்லை. இன்றோ ஒவ்வொரு கிலோவும் மண்ணெண்ணெய்க் கணக்கில் வந்து நிற்கிறது.

இந்த இடத்தில்தான் அலுமினியம் கவனத்துக்கு வருகிறது. ஒரே கன அளவை எடுத்தால் அலுமினியம் கண்ணாடியிழையைவிடப் பாரமானதுதான். ஆயினும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் தகடு செய்யும் வேலையைக் கண்ணாடியிழை செய்ய வேண்டுமானால் அது பல மடங்கு தடிப்பாக இருக்க வேண்டும். ஆகவே முழுப் படகாகப் பார்க்கையில் அலுமினியமே இலேசு. பதினான்கு அடி நீளமான சாதாரண அலுமினியப் படகின் உடல் 100 கிலோவை ஒட்டியே இருக்கும். நான்கு பேர் தூக்கி நகர்த்திவிடலாம். அதற்குச் சிறிய இயந்திரம் போதும். சிறிய இயந்திரத்துக்குக் குறைந்த எண்ணெய் போதும். போதாக்குறைக்கு, பழைய ஃபைபர் படகின் உள்ளிருக்கும் பலகை நீரை உறிஞ்சி ஆண்டுக்கு ஆண்டு பாரம் கூடுவதும் உண்டு. அலுமினியத்துக்கு அந்த நோய் இல்லை.

அலுமினியம் ஆற்றுக்கும் ஏரிக்கும்தான், கடலுக்கு ஆகாது என்று கூறுவோர் உளர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவின் விமான உற்பத்தி நிறுவனமாகிய கிரம்மன், விமானத் தகடு கொண்டு சிறு ஓடங்கள் செய்யத் தொடங்கியது. அங்கு அவை நன்னீர் ஏரிகளிலேயே பெயர் பெற்றன என்பது மெய்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் 'டின்னி' என்று செல்லப் பெயரிட்டழைக்கும் அலுமினியப் படகு உப்பு நீரிலேயே உழைக்கிறது. தகுந்த கலப்புலோகமும் ஒழுங்கான பராமரிப்பும் இருந்தால் கடல் அதற்குப் பகையன்று.

அந்தப் பராமரிப்பு எத்தகையது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உப்பு நீரில் அலுமினியத்தோடு செம்போ பித்தளையோ தொட்டுக்கொண்டிருந்தால், மின்வேதி முறையில் அலுமினியம் தன்னையே தின்னத் தொடங்கும். படகின் அடியில் விழுந்து கிடக்கும் ஒரு செப்புக் கம்பித் துண்டு போதும், நாளடைவில் தகட்டில் துளை விழுவதற்கு. பாசி பிடியாமல் தடுக்கச் செம்பு கலந்த வர்ணம் பூசுவதும் கேடு. பலிகொடுப்பதற்கென்றே பொருத்தப்படும் துத்தநாகக் கட்டிகளைக் காலந்தோறும் மாற்ற வேண்டும். உப்பளங்கள் நிறைந்த பாலாவிப் பக்கத்தில், கோடையில் களப்பின் தென்பகுதி நீர் கடல்நீரையும் விஞ்சிக் கரிக்கும் என்பதை நாம் அறிவோம். அத்தகைய நீரில் இந்த எச்சரிக்கைகளை அசட்டை செய்யலாகாது. நண்பகலில் தகடு சுட்டெரிக்கும். வெறுங்காலுடன் நிற்க முடியாது. அலை மோதும் ஓசையும் ஃபைபரைவிட அதிகம்.

ஆனால் இவை அனைத்திலும் பெரிய கேள்வி, உடைந்தால் யார் திருத்துவார் என்பதாகும். ஃபைபர் படகில் வெடிப்பு விழுந்தால் கண்ணாடியிழைப் பாயும் பிசினும் வாங்கிவந்து, தென்னை நிழலில் வைத்துத் தாமே ஒட்டிக்கொள்ளும் கைத்திறன் நம் கரைகளில் ஊருக்கு ஊர் உண்டு. மறுநாளோ அதற்கு மறுநாளோ படகு கடலுக்குப் போய்விடும். அலுமினியம் இலகுவில் வெடிக்காது. பாறையில் மோதினாலும் பெரும்பாலும் நெளியும். கிழிந்துவிட்டாலோ ஆர்கன் வாயுவும் மின்சாரமும் தேர்ந்த கையும் வேண்டும். வாடிக்குப் பக்கத்தில் அது கிடைக்காது. வேலைக்காகப் பட்டணம் போய்க் காத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பெரியாத நாள். இலேசான படகினால் மிஞ்சிய எண்ணெய்க் காசு அத்தனையும் அந்தக் காத்திருப்பில் கரைந்துபோகும்.

ஆகவே விடை கரைக்குக் கரை வேறுபடும். நம் மாவட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. கண்டக்குழி முதல் நுரைச்சோலை, உடப்பு வழியாகச் சிலாபம் வரை நீளும் கரை திறந்த கடலைப் பார்த்திருப்பது. மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் வீசும்போது அலையைக் கிழித்து இறங்கி, அலையின் முதுகிலேயே கரையேற வேண்டும். அங்கே கொஞ்சம் பாரம் படகுக்கு நிலைப்பைத் தருகிறது. இலேசான படகைக் காற்று தள்ளிவிடும். திருத்தும் வசதியையும் சேர்த்துப் பார்க்கும்போது, திறந்த கடலுக்கு இன்றைய நிலையில் ஃபைபரே தக்கது என்பது எனது துணிபு.

புத்தளம் களப்பு வேறு உலகம். சுமார் 32,000 ஹெக்டயர் பரப்பு. பெரும்பகுதி ஓரிரு மீற்றர் ஆழந்தான். பேரலை இல்லை, நண்டுக்கும் இறாலுக்கும் வலை போட்டு அன்றன்றே திரும்பும் தொழில். நீரில் ஆழப் பதியாத, தட்டையான அடியுடைய, சிறு இயந்திரம் பூட்டிய அலுமினியப் படகு தன் குணம் அத்தனையையும் காட்டக்கூடிய இடம் இதுவே. இங்கு அதைப் பரீட்சித்துப் பாராமல் ஒதுக்குவது மடமை.

வாங்க எண்ணுவோர் மூன்று விடயங்களைக் கவனித்தல் நலம். ஒன்று, தகடுகளை ரிவெட் ஆணியால் பொருத்திய படகு மலிவு. ஆனால் அலையில் ஆணிகள் தளர்ந்து கசியும். வெல்டிங் செய்த படகு விலை கூடினாலும் நின்று உழைக்கும். இரண்டு, பின்பலகையின் உயரம் 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்து, அதற்கிசைந்த தண்டு நீளமுள்ள இயந்திரத்தையே பூட்ட வேண்டும். பொருந்தாவிட்டால் விசிறி காற்றைக் குடிக்கும், அல்லது சேற்றைக் கிளறும். மூன்று, இயந்திரத்தின் பாரம். 15 குதிரைவலு கொண்ட இரட்டை வீச்சு இயந்திரம் 40 கிலோவுக்குள் அடங்கும். நான்கு வீச்சு இயந்திரமோ 50 கிலோ அளவுக்குப் போகும். இலேசான படகின் பின்புறத்தில் அந்த வித்தியாசம் சிறியதன்று.

இதைத் தனி மனிதரின் துணிச்சலுக்கு மட்டும் விட்டுவிடுவது அநீதி. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின் நாடெங்கும் குவிந்த நன்கொடைப் படகுகளின் கதையை நாம் மறக்கலாகாது. அவசரத்தில் வார்க்கப்பட்ட தரங்குறைந்த படகுகள் ஒருபுறம். சில கரைகளில் தேவைக்கு மிஞ்சிய படகுகள் மறுபுறம். கொடுத்தவர்களின் மனம் நல்லதுதான். ஆனால் தேர்ந்தவர்கள் அவர்கள். கடலுக்குப் போனவர்கள் வேறு மனிதர்கள்.

கற்பிட்டியில் நாரா நிறுவனத்துக்கு ஆராய்ச்சி நிலையம் உண்டு. களப்புக் கிராமங்களில் பத்து அலுமினியப் படகுகளை ஓராண்டு ஓடவிட்டு, எரிந்த மண்ணெண்ணெயையும் பிடித்த மீனையும் திருத்தச் செலவையும் எழுதி, கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட அதற்குப் பெருந்தொகை தேவைப்படாது. பயன் உண்டென்று தெரிந்தால், ஃபைபருக்குக் கிடைக்கும் அதே கடன் அலுமினியத்துக்கும் கிடைக்க வேண்டும். மீனவர் பிள்ளைகள் சிலருக்கு அலுமினிய வெல்டிங் கற்பிக்க வேண்டும். பயன் இல்லையென்றால் அதுவும் தெரிந்த செய்தியாகட்டும்.

ஓடி ஓய்ந்த ஃபைபர் படகைக் கொள்வாரில்லை. தாழை மரத்தடியில் கவிழ்ந்து கிடக்கும், அல்லது நச்சுப் புகையாய் எரியும். அலுமினியப் படகோ கடைசி நாளிலும் பழைய உலோகக் கடையில் காசாகும். கடன் பட்டு வாங்கும் குடும்பத்துக்கு அந்தக் காசும் ஒரு கணக்கே. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து முடிவெடுக்கும் அறிவு நம் கடற்றொழிலாளரிடம் தாராளமாக உண்டு. அவர்கள் முன் இரண்டு படகுகளை வைப்பதுதான் மற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.