மூன்று வீடுகள், மூன்று இணையதளங்கள்

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு, கோவையில் மகளின் படிப்பை முன்னிட்டு வாங்கிய வீடு, சொந்த ஊரில் தந்தை விட்டுச்சென்ற ஓட்டு வீடு. நடுத்தரக் குடும்பங்களில் இப்படி அமைவது இன்று அரிதல்ல. இம்மூன்றுக்கும் வரி செலுத்த அமர்ந்தால், பெருநகர சென்னை மாநகராட்சிக்கு ஓர் இணையதளம், பிற மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் மற்றொன்று, கிராம ஊராட்சிகளுக்கு வேறொன்று என மூன்று வாசல்களில் நுழைய வேண்டும். சென்னையில் மண்டலம், வார்டு, பில் எண், உப எண் ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் வேறு எண்கள். மூன்றுக்கும் உரிமையாளர் ஒருவரே என்பது எந்த இணையதளத்துக்கும் தெரியாது.

வரிசையில் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால், அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ, செலுத்துவோருக்குச் சென்னையில் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. அரையாண்டு கடந்தால் மாதம் 1 சதவீதத் தனிவட்டி. ஒரு வீட்டை நினைவில் வைத்து மற்றொன்றை மறந்தவருக்கு ஊக்கத்தொகையும் போய் வட்டியும் சேர்கிறது. 2022 பொதுச் சீராய்வில் வரி கணிசமாக உயர்த்தப்பட்ட பின்னர், இந்த மறதியின் விலையும் உயர்ந்திருக்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது ஒன்று உண்டு. எண்ணைத் தெரிந்தவர் எவரும் எந்த வீட்டுக்கும் பணம் கட்டிவிடலாம். வெளிநாட்டில் இருப்பவருக்காக உறவினர் செலுத்த இது வசதி. அதே வசதியால், காலமான தந்தையின் பெயரிலேயே பல ஆண்டுகள் வரி கட்டப்பட்டு வருகிறது. கணினி கேள்வி கேட்பதில்லை. வரி வசூலிக்க வீட்டுக்கு வந்தவராவது, 'பெரியவர் எங்கே?' என்று விசாரித்திருப்பார். வரி ரசீது உரிமைப் பத்திரமல்ல என்பது உண்மை. ஆயினும் பெயர் மாற்றாத வீட்டை விற்கவோ, அதன் மீது கடன் பெறவோ முயலும்போதுதான் வாரிசுகள் விழித்துக்கொள்கின்றனர்.

வருமான வரியிலும் இது எதிரொலிக்கிறது. இரண்டு வீடுகள் வரை சொந்தக் குடியிருப்பு எனக் காட்டி, அவற்றின் ஆண்டு மதிப்பைப் பூஜ்யமாகக் கொள்ளலாம். மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தாலும் வாடகைக்கு விட்டதாகவே பொதுவாகக் கருதப்படும். அதற்கான உள்ளாட்சி வரியைக் கழிக்க வேண்டுமெனில், அந்த நிதியாண்டிலேயே உரிமையாளர் அதை உண்மையில் செலுத்தியிருக்க வேண்டும், நிலுவை செல்லாது. மூன்று இணையதளங்களில் சிதறிக் கிடக்கும் ரசீதுகளை ஜூலையில் தேடுவோர் படும் பாடு சொல்லி மாளாது.

சிங்கப்பூரில் ஒருவரின் சொத்துகள் அனைத்தையும் வரித்துறையின் ஒரே கணக்கில் காணலாம். ஆனால் அங்கு உரிமையாளர் தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு மட்டுமே சலுகை விகிதம். 2024 முதல் அது 4 முதல் 32 சதவீதம். மற்ற குடியிருப்புகளுக்கு 12 முதல் 36 சதவீதம். நம் ஊரில் வரி கட்டடத்தைப் பார்க்கிறது, உரிமையாளரின் மற்ற வீடுகளைப் பார்ப்பதில்லை. வீடுகளை ஒரே கணக்கில் இணைத்தால் நாளை கூடுதல் வரி வந்துவிடுமோ என்ற அச்சம் இங்கே எழுவது இயல்பே. அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. பரம்பரை ஓட்டு வீட்டையும் முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டிய அடுக்குமாடி வீட்டையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமாகாது.

எனவே, இணைப்பு முதலில் உரிமையாளரின் விருப்பத்தின் பேரில் அமையட்டும். கைப்பேசி எண்ணைச் சரிபார்த்து, தம் வரி எண்கள் அனைத்தையும் அவரே ஒரு கணக்கில் சேர்க்கலாம். தவணை நெருங்கும்போது குறுஞ்செய்தி வரவேண்டும். ஆண்டு முடிவில் எல்லா வீடுகளுக்கும் ஒரே வரிச் சான்று கிடைக்க வேண்டும். பணம் கட்டும் முன் உரிமையாளரின் பெயரையும் கதவு எண்ணையும் காட்டி, 'இவர் உயிருடன் உள்ளாரா, பெயர் மாற்றம் தேவையா?' என ஒரு கேள்வியையும் அந்தத் திரை கேட்கலாம்.