மாற்று இருக்கிறது, மாறுமா?

ஆலையின் கருவிகளிலிருந்து அழுத்தம், வெப்பம், ஓட்டம் ஆகியவற்றை நொடிக்கு நொடி திரட்டித் தரும் இடைமுக மென்பொருளை இரண்டு கணினிகளில் போட்டுவிட்டால் கவலை விட்டது என்று கட்டுப்பாட்டு அறைகளில் பலர் நம்புகிறார்கள். ஒன்று விழுந்தால் மற்றது தானாக ஏற்றுக்கொள்ளும், இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதே பாதுகாப்பு, எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு நல்லது. இந்த மூன்றும் சேர்ந்ததே அந்த நம்பிக்கை. மூன்றுமே பெரிய இடங்களில் அடிவாங்கியிருக்கின்றன.

தானாக ஏற்றுக்கொள்ளும் என்பதை முதலில் பார்க்கலாம். 2020 அக்டோபர் 1 காலை, டோக்கியோ பங்குச் சந்தையின் ‘ஆரோஹெட்’ வர்த்தக அமைப்பில் ஒரு சேமிப்புக் கருவியின் நினைவகம் பழுதானது. இரண்டாவது கருவி நல்ல நிலையில் தயாராகவே இருந்தது. வேலை மட்டும் அதற்குப் போய்ச் சேரவில்லை. அன்று முழுவதும் வர்த்தகம் நின்றது. 1999-இல் சந்தை முழுக்கக் கணினிமயமான பிறகு நாள் முழுவதும் முடங்கியது அதுவே முதல் முறை. தேடிப் பார்த்தபோது, தானியங்கி மாற்றத்துக்கான ஓர் அமைவு ‘ஆஃப்’ நிலையில் இருந்தது தெரிந்தது. அப்படி இருந்தாலும் சில நொடிகளில் மாற்றம் நடந்துவிடும் என்றது கையேடு. கருவி அப்படிச் செய்யவில்லை. நவம்பர் இறுதியில் சந்தையின் தலைவர் பதவி விலகினார். வன்பொருளுக்குச் செலவிட்ட பணம் அத்தனையும் சோதித்துப் பார்க்காத ஒரே ஒரு கையேட்டு வரியில் வீணாகிவிட்டது.

அச்சு அசல் நகல்தான் பாதுகாப்பு என்பவர்களுக்கு 1996 ஜூன் 4 நினைவிருக்க வேண்டும். ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் அது. திசையையும் நிலையையும் அளந்து சொல்ல இரண்டு கருவிகள்; இரண்டிலும் ஒரே வன்பொருள், ஒரே மென்பொருள். ஏரியான் 4-இலிருந்து எடுத்துவந்த நிரலில், 16 பிட்டுக்குள் அடங்காத ஓர் எண்ணை அதில் திணிக்கப்போய், முதலில் நின்றது காத்திருப்புக் கருவி. அடுத்த 72 மில்லிநொடியில் அதே காரணத்தால் முதன்மைக் கருவியும் நின்றது. அதைவிடக் கொடுமை, நின்றுபோன கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பை ராக்கெட்டின் கணினி பறப்புத் தரவாக எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. வன்பொருள் பழுதுக்கு நகல் உதவும். நிரல் பிழைக்கோ தவறான அமைப்புக்கோ உதவாது; அந்தப் பிழையும் நகலெடுக்கப்பட்டிருக்கும்.

வேகம் பற்றிய வாதத்தில் பாதி உண்மை உண்டு. மீதியை 2018 அக்டோபர் 21 காட்டியது. அமெரிக்கக் கிழக்குக் கரையில், மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனத்தின் வலைத்தொடர்பு 43 நொடிகள் அறுந்தது. தானியங்கி ஏற்பாடு உடனே மேற்குக் கரையின் தரவுத்தளங்களை முதன்மையாக்கிவிட்டது. கிழக்கில் அதற்குள் எழுதப்பட்ட சில நொடித் தரவு மேற்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஆக இரண்டு பக்கமும் மற்றதிடம் இல்லாத தரவு. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. கரை விட்டுக் கரை தானாக மாறாதபடி பிறகு அமைப்பைத் திருத்தினார்கள். 43 நொடி பொறுத்திருந்தால் இத்தனை பாடு இல்லை.

ஆலைக்கு வருவோம். இரண்டு இடைமுகங்களும் ஒன்றுக்கொன்று உயிர்ச்சமிக்ஞை அனுப்பிக்கொள்ளும்; அது நின்றால் காத்திருப்பது பொறுப்பேற்கும். ஆனால் சமிக்ஞை ஓடுவதால் கருவியிலிருந்து தரவு வருகிறது என்று பொருளல்ல. மென்பொருள் உயிரோடு இருக்க, கருவியோடு தொடர்பு மட்டும் அறுந்திருக்கலாம். திரையில் பழைய அளவே நிற்கும். அதனால் கருவியோடு தொடர்பு இருக்கிறதா என்பதையும் மாற்ற விதியில் சேர்க்க வேண்டும். சமிக்ஞையும் தரவும் ஒரே வலையமைப்பு ஸ்விட்ச் வழியாகப் போனால் இன்னொரு ஆபத்து: ஸ்விட்ச் நின்றதும் இரண்டு கணினிகளில் ஒவ்வொன்றும் தன்னையே முதன்மை என்று எண்ணக்கூடும்.

இரண்டும் சேர்ந்தே தரவைத் திரட்டி, ஒன்று மட்டும் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ‘ஹாட்’ முறையில் இடைவெளி விழாது. ஆனால் கருவியின் மீது கேள்விச் சுமை இரட்டிப்பாகும்; ஆலைக் கருவிகளை இயக்கும் பழைய பி.எல்.சி. கட்டுப்பாட்டுக் கணினி அதைத் தாங்காமல் போகலாம். அங்கே, மாறும் நேரத்துத் தரவு கொஞ்சம் போனாலும், காத்திருப்பது பொறுப்பேற்ற பிறகே தரவைத் திரட்டத் தொடங்கும் ‘வார்ம்’ முறையே பொருத்தம். எதைத் தேர்ந்தாலும் ஆலை நிறுத்தப் பராமரிப்பின்போது கணினியின் மின்சாரத்தை நிறுத்தியும், மென்பொருளை மட்டும் உறையவைத்தும், கருவிப் பக்கக் கேபிளைப் பிடுங்கியும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் இதே சோதனை மறுபடி நடக்க வேண்டும்.