இரண்டாவது பூனைக்கு முதலில் ஒரு தனி அறை

1/ "துணைக்கு இருக்கட்டும்னு இன்னொரு பூனை கொண்டு வந்தோம் டாக்டர். ரெண்டும் சண்டை. விலக்கப் போனேன், கடிச்சிடுச்சு." கையை நீட்டுறவங்ககிட்ட நான் கேட்பது ஒன்றுதான்: வந்த அன்னிக்கே ஏன் நேருக்கு நேர் விட்டீங்க?

2/ பூனைக்கு வீடு என்பது அதன் எல்லை. புதுசுக்குத் தனி அறை, தனித் தட்டு கொடுங்க. லிட்டர் பாக்ஸ் ஒன்று கூடுதலா வேணும்: இரண்டு பூனைக்கு மூன்று. படுத்த துணியை மாற்றிப் போட்டு முதலில் வாசம் பழகட்டும், பிறகுதான் முகம்.

3/ ரெண்டுக்கும் ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம். சண்டையில் கையை விடாதீங்க, நடுவில் ஒரு அட்டையை வையுங்க. பூனைப்பல் ஊசி மாதிரி. காயம் சின்னது, கிருமி ஆழத்தில். கடிச்சா சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

4/ தனி அறைக்கு இடமில்லையா? ஒரு பூனையே போதும். துணை வேணும்னு நினைக்கிறது பெரும்பாலும் நாமதான், அது இல்லை.