மதர்போர்டு போச்சாம்ல!

ரொம்ப நாளா மனசுல கிடக்குற கடுப்பு. இன்னைக்குக் கொட்டிடறேன், பொறுத்துக்குங்க மக்களே.

நண்பர் ஒருத்தர் டியூஷன் சென்டர் நடத்துறார். அங்க ஒரு பழைய கோர் 2 டுவோ பொட்டி, 4 ஜிபி ரேம். அதுல ஒரு சர்வர் லினக்ஸைப் போட்டு, பசங்களோட பாடம், கேள்வித்தாள் எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கணும்னு ஆசைப்பட்டார். சர்வீஸ்காரர் வந்தார், யுஎஸ்பியைச் சொருகினார், கருப்புத் திரையில 'கெர்னல் பேனிக்'னு வந்து நின்னுடுச்சு. "மதர்போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க." தீர்ப்பு சொல்ல மொத்தம் பத்து நிமிஷம். நண்பர் பாவம், ரெண்டு மாச ஃபீஸ் பணத்தை எடுத்து வைக்கத் தயாராயிட்டார்.

அந்தப் பேனிக் வரிக்கு மேல இன்னொரு வரி இருந்தது. அதை யாருமே படிக்கலை. 'இந்த சிபியு எக்ஸ்86-64-வி2-வை ஆதரிக்கலை'ன்னு இங்கிலீஷ்ல தெளிவா எழுதியிருந்தது. அதாவது போர்டு நல்லாத்தான் இருக்கு, போட்ட சாஃப்ட்வேர்தான் இந்தப் பொட்டிக்கு ஆகாது. 2022-ல வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ல இருந்தே இந்த வி2 கட்டாயம். எஸ்எஸ்இ 4.2 மாதிரி சில கட்டளைகள் சிபியுவுல இருந்தாகணும். இன்டெல்ல அது 2008 கடைசியில வந்த நெஹலெம்ல இருந்துதான் உண்டு, கோர் 2 டுவோ அதுக்கு முந்தின தலைமுறை. 2025-ல வந்த 10 இன்னும் ஒரு படி மேல, வி3 கேட்குது. 2013 ஹாஸ்வெல்லுக்கு முந்தின இன்டெல் எதுவும் தேறாது. டெபியனோ, 2025-ல வந்த 13-லயும், 64 பிட்டா இருந்தா போதும், உள்ள வான்னுது. (32 பிட்டுக்கு மட்டும் இன்ஸ்டாலரை நிறுத்திட்டாங்க.)

சரின்னு டெபியன் 13 போட்டேன். உடனே ஏறிடுச்சான்னா, இல்லை. இதுல என் மண்டைக்கனமும் உண்டு. டிஸ்க் 3 டிபி. 2 டிபிக்கு மேல எம்பிஆர் ஒத்துவராது, ஜிபிடிதான். பொட்டியிலயோ பழைய பயாஸ், யுஇஎஃப்ஐ கிடையாது. இந்த ரெண்டும் சேர்ந்தா, கிரப் உட்கார 1 எம்பி அளவுக்கு 'பயாஸ் பூட் பார்ட்டிஷன்'னு தனியா இடம் விடணும். இன்ஸ்டாலர்கிட்ட விட்டிருந்தா அதுவே விட்டிருக்கும். நான்தான் பெரிய இவன் மாதிரி கையால பிரிச்சேன், மறந்தேன். கிரப் ஏறலைன்னு சிவப்புத் திரை! அந்த நிமிஷம் எனக்கே 'ஒருவேளை போர்டுதான் போச்சோ'ன்னு தோணுச்சு :-) 1 எம்பி ஒதுக்கினேன், ஏறிடுச்சு.

மறுநாள் காலையில ஃபோன். "பாஸ், மறுபடி செத்துடுச்சு." போய்ப் பார்த்தா தேதி 2007-ல நிக்குது. பூட் வரிசை மாறி, டிஸ்க்கை விட்டுட்டு நெட்வொர்க்ல எதையோ தேடிக்கிட்டிருக்கு. சிமாஸ் பேட்டரி காலி. ராத்திரி மெயின் சுவிட்சை அணைச்சதும் பயாஸ் எல்லாத்தையும் மறந்துடுச்சு. காசு மாதிரி வட்டமா இருக்குமே, சிஆர்2032, அதை மாத்தினேன். ஐம்பது ரூபாய்கூட ஆகலை.

'பழசைக் கட்டிக்கிட்டு ஏன்யா அழணும், கரண்ட் பில் யார் கட்டுறது'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பென்டியம் டி மாதிரி அடுப்பை எல்லாம் ராப்பகலா ஓட்டச் சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்துப் புதுசு வாங்குறவங்களோடயும் எனக்குச் சண்டை இல்லை. திரையில என்ன எழுதியிருக்குன்னு படிக்காமலே மரணச் சான்றிதழ் குடுக்குறாங்க பாருங்க, அவங்களோடதான் சண்டை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிரிக்காமலே 'ஆள் தேறாது'ன்னு சொல்ற டாக்டரை விடுவோமா?

பொட்டி இப்ப தினமும் சாயங்காலம் நாலு மணி நேரம் ஓடுது. போன வாரம் அதே சர்வீஸ்காரர் வந்து, "அந்தப் பழைய பொட்டியை நானே எடுத்துக்கறேன் சார், ஐநூறு ரூபா தர்றேன்"னாராம். செத்துப் போன போர்டுக்கு ஐநூறு ரூபா!