பச்சை பெயின்ட் அடிச்சா பசுமை ஆகிடுமா?



2020 அக்டோபரில் டெல்லி ராஜ்காட் டிப்போவில், 50 பேருந்துகளை ஹைட்ரஜன் கலந்த சி.என்.ஜி.யில் ஓட்டும் சோதனையை அன்றைய ஒன்றிய பெட்ரோலிய அமைச்சர் தர்மேந்திர பிரதான் தொடங்கி வைத்தார். கலவையில் ஹைட்ரஜன் 18 சதவீதம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்கைப் பாருங்க!

ஹைட்ரஜன் மிக லேசான வாயு. கன அளவில் 18 சதவீதம் இருந்தாலும், இன்ஜினுக்குக் கிடைக்கும் ஆற்றலில் அதன் பங்கு சுமார் 6 சதவீதம்தான். மீதி 94? அதே எரிவாயு!

அந்த 6 எங்கிருந்து வந்தது? அதுவும் இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரிய வைத்து எடுத்ததுதான். அதிலிருந்த கார்பன் மாயமாகாது. ஆலையிலோ புகைக்குழாயிலோ வெளியே வந்தே தீரும்.

கார்பன் மோனாக்சைடு குறையும், உண்மைதான். நுரையீரலுக்கு நல்லது, வரவேற்கிறோம். ஆனா இதையே காட்டி ‘பருவநிலைக்குத் தீர்வு’ன்னு சொன்னா ஏத்துக்க முடியாது.

நம் கோரிக்கை: நகரத்துக்கு மின்சாரப் பேருந்து! சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுங்கள். அதை உர ஆலைக்கும் உருக்காலைக்கும் கொடுங்கள்!

இனி யாராவது ‘ஹைட்ரஜன் பேருந்து’ன்னு பெருமை பேசினா, ஒரே கேள்வி கேளுங்க: அந்த ஹைட்ரஜன் எதிலிருந்து வந்தது?

பகிருங்கள்!

#எந்த_ஹைட்ரஜன்