தாலியைக் காட்டு, சாவி தருகிறேன்

சில மாதங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு கதையில், புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் தன் புருஷனோடு லாட்ஜில் ஓர் இரவு தங்குகிறாள். கதையில் அது ஒரே வரி. அந்த ஒரு வரிக்காக ஒரு வாசகர் எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். "கௌரவமான குடும்பத்துப் பெண், அதுவும் பெற்றோர் வீடு இருக்கிற ஊரிலேயே லாட்ஜுக்குப் போவாளா? நீங்கள் எந்த உலகத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

நான் ஆரணியில் இருக்கிறேன். இதுவே அவருக்குப் பதிலாகும். ஆனால் ஆரணியை அவர் ஜவுளிக்கடை வாசலோடு பார்த்துவிட்டுப் போனவராக இருக்கலாம் என்பதால், கொஞ்சம் விரித்தே சொல்லிவிடுகிறேன்.

பட்டுச் சேலை வாங்க இந்த ஊருக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தச் சேலை பிறந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் மிகச் சிலர். முன்னால் ஒரு திண்ணை. உள்ளே ஒரு கூடம். பின்னால் சமையலுக்கு ஒரு மறைப்பு. கூடத்தில் மனிதர்கள் இல்லை, தறி இருக்கிறது. குழி வெட்டி ஊன்றிய தறி. பாவு ஏற்றிவிட்டால் அதில் உள்ள சேலைகள் அறுக்கும்வரை அதைத் தொடக்கூடாது. தறி போக மிஞ்சிய இடத்தில்தான் கிழவி படுக்கிறாள், குழந்தைகள் படுக்கிறார்கள், புருஷனும் பெண்டாட்டியும் படுக்கிறார்கள். தறிக்கு இடம் கொடுத்த வீட்டில் தாம்பத்தியத்துக்கு இடம் கிடையாது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் கூறைப்புடவை நெய்கிறவர்களின் நிலைமை இது.

இப்படிப்பட்ட வீடு ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சென்ற வருஷம் வைகாசியில் கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தலைத்தீபாவளிக்கு இருவரும் வந்தார்கள். வீடோ நான் சொன்ன வீடு. பெண்ணின் தகப்பனார் ஒரு மாதம் யோசித்து, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, எண்ணூறு ரூபாயை மடித்து மருமகன் கையில் வைத்தார். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரூம் கிடைக்கும் மாப்ள. ராத்திரி அங்க தங்கிட்டுக் காலைல எண்ணெய் தேச்சிக் குளிக்க வந்துடுங்க" என்றார். அந்த வீட்டுத் தறிக்கு அது இரண்டு நாள் கூலி.

லாட்ஜில் ஆதார் அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தார்கள். அவள் அட்டையில் தகப்பன் பெயரும் ஆரணி விலாசமும். அவன் அட்டையில் வேறு ஊர். "கல்யாண சர்டிபிகேட் இருக்குதா?" இல்லை. "போட்டோ?" அவன் செல்போனில் காட்டினான். "இது யார் வேணும்னாலும் எடுக்கலாம். பெரியவங்க யாராவது வந்து சொல்லட்டும்."

இரவு பத்து மணிக்குத் தகப்பனார் போனார். நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்க, "இது எம் பொண்ணுதாங்க. இவரு எம் மருமகன்தாங்க" என்று சொன்னார். பெண்ணைப் பெற்ற ஒருவன் வாயால் எதைச் சாட்சி சொல்ல வைத்தார்கள் என்பதை வாசகர்களே எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகாவது சாவி கொடுத்தார்களா? "அப்ப நீங்க உள்ளூரா? உள்ளூர் ஆளுங்களுக்கு ரூம் தர்றதில்ல" என்று பதிவேட்டை மூடிவிட்டார்கள்.

மாப்பிள்ளை திண்ணையில் படுத்தார். அவள் உள்ளே பாட்டியின் பக்கத்தில், தறிக்குழி ஓரத்தில் படுத்தாள். தலைத்தீபாவளி முடிந்தது.

ஆக, வாசகர் சொன்னதில் ஒரு பாதி சரி. என் கதையில் பொய் இருக்கிறது. அந்தப் பெண் லாட்ஜுக்குப் போனது பொய்யல்ல. அவளுக்கு அறை கிடைத்தது என்று எழுதினேனே, அதுதான் பொய்!

அந்த மாப்பிள்ளையைத் தொழிற்சாலையில் ஆறு வாரப் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார் 1998-இல் உருண்டு வெளியே வந்த நாளிலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொரியா தூரதேசம் இல்லை. அவர் என்னிடம் சொன்னார்: "அங்க மோட்டல்னு இருக்குது சார். ஒரு சின்ன ஜன்னல். பணத்தக் குடுத்தா சாவி வரும். குடுக்கறவங்க மூஞ்சிகூடத் தெரியாது. உள்ள போனா அவ்ளோ சுத்தம்."

அங்கேயும் கல்யாணம் ஆகும்வரை பிள்ளைகள் பெற்றோரோடு ஒரே வீட்டில் இருப்பது சகஜம். இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவைக்குப் போகவேண்டும். தரைப்படையில் 18 மாதம். வட கொரிய எல்லையை ஒட்டிய யாங்கு, ஹ்வாச்சொன் போன்ற சிற்றூர்களுக்குத் தாயும் தகப்பனும் காதலியும் அவர்களைப் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு ஒரு நாள் வெளியே தங்க அனுமதி கிடைத்தால் மோட்டலில் அறை எடுக்கிறார்கள். சாதாரண மோட்டலில் ஓர் இரவுக்கு நாற்பது ஐம்பதாயிரம் வோன் ஆகும். 2025-இல் அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வோன். அதாவது ஐந்து மணி நேர உழைப்பில் ஓர் இரவின் தனிமை கிடைக்கிறது! ஆரணியில் இரண்டு நாள் கூலியை நீட்டியும் கிடைக்கவில்லை.

"மோட்டலா! அது காதலர்கள் ஒதுங்குகிற இடமல்லவா?" என்று கேட்பீர்கள். ஆமாம், அவர்களும்தான் போகிறார்கள். மணிக்கணக்கு வாடகையும் உண்டு. அதே கட்டடத்தில் அடுத்த அறையில் ஊர் சுற்றும் வியாபாரி தூங்குகிறான். மகனைப் பார்க்க வந்த தாய் தூங்குகிறாள். ஒருவரால் மற்றவர் கெட்டுப்போகவில்லை. வயது வராத ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்கச் சட்டம் அங்கே தடை விதித்திருக்கிறது. வயது வந்தவர்களின் உறவு என்ன என்பது ஜன்னல்காரருக்கு வேண்டாத விஷயம்.

நம் சட்டம் மட்டும் வேறு என்ன சொல்கிறது? நான் வக்கீல் அல்ல. கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டவன். ஆனால் பத்திரிகை படிக்கிறேன். 2019 ஜூனில் கோயம்புத்தூரில், கல்யாணமாகாத ஒரு ஜோடி தங்கியிருந்ததையும் காரணமாகக் காட்டி அதிகாரிகள் ஒரு விடுதிக்கு முத்திரை வைத்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ் அந்த முத்திரையை அகற்றச் சொன்னார். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று தீர்ப்பில் எழுதினார். ஆகாதவர்களுக்கே தடை இல்லை என்றால், ஆனவர்களிடம் அத்தாட்சி கேட்க இவர்கள் யார்? தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷச் சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது வாஸ்தவம். செய்யாதது அந்தத் தம்பதியின் பிசகு. அதைக் கேட்க வேண்டியவர் பதிவாளர். சாவிக்கொத்தை வைத்திருப்பவர் அல்ல.

லாட்ஜ்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். நடுராத்திரியில் போலீஸ் கதவைத் தட்டும். மறுநாள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வரும். அதை நாம் காப்பி குடித்துக்கொண்டே ரசித்துப் படிப்போம். அவருடைய பயத்தை வளர்த்தவர்கள் நாம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். சென்னையில் பெரிய நட்சத்திர ஓட்டலுக்குக் காரில் போய் இறங்குகிற ஜோடியிடம் யார் தாலியைக் கேட்கிறார்கள்? பெட்டியைத் தூக்க ஓடி வருகிறார்கள்! ஒழுக்கம் என்பது பத்தாயிரம் ரூபாய் அறைக்கு வேண்டாம், எண்ணூறு ரூபாய் அறைக்கு மட்டும் வேண்டும் என்றால், அதற்குப் பெயர் ஒழுக்கம் அல்ல. ஏழையை அதட்டிப் பார்க்கிற சுகம்.

இந்த நாடு வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்துப் பழகிய நாடு. மதுரையில் மங்கம்மாள் சத்திரமும், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரமும் பெண்களின் பெயரால் நின்றவை. ஆனால் சத்திரங்களில் எத்தனையோ இடத்தில், உள்ளே விடுமுன் "நீ என்ன ஜாதி?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்று வெட்கக்கேடாகிவிட்டது. "இவள் உனக்கு யார்?" என்ற கேள்வியும் அதே வாசலில் பிறந்ததுதான். அதுவும் ஒரு நாள் வெட்கக்கேடாக வேண்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. வெள்ளை வேட்டி விரிப்பு, தண்ணீர் வரும் குழாய், உள்ளே தாழிடக்கூடிய கதவு, சுவரில் எழுதி மாட்டிய வாடகை. அடையாள அட்டையைப் பார்க்கட்டும்; வயதைப் பார்க்கட்டும்; பெயரை எழுதிக்கொள்ளட்டும். அதோடு வாயை மூடிக்கொண்டு சாவியைக் கொடுக்கட்டும். பட்டு விற்றுச் சம்பாதிக்கிற ஊரில் இப்படி நாலு கட்டடம் எழும்பினால், அந்தப் பட்டை நெய்கிற வீடுகளில் எத்தனையோ பெண்கள் நிம்மதியாகத் தாய் வீடு வந்து போவார்கள்.

கடிதம் எழுதிய வாசகருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை பட்டெடுக்க ஆரணிக்கு வரும்போது ஓர் இரவு தங்குங்கள். அம்மாளையும் அழைத்து வாருங்கள். மறக்காமல் கல்யாணச் சர்டிபிகேட்டையும் எடுத்து வாருங்கள். இல்லையென்றால் உங்கள் மாமனாரை வரவழைக்க வேண்டியிருக்கும்.